ஒரு பிடி கூடக் கேட்ட சேந்தன்

மொச்சை நேற்றே ஊறப்போட்டது. இப்போது ஒவ்வொன்றாகப் பிதுக்கி, தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டே சொல்கிறேன். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் வராது. நீங்களும் என் முகத்தையே பார்க்காமல் கேளுங்கள், அப்போதுதான் கோர்வையாக வரும்.

கடலுக்கு இந்தக் கரையில் ஒரு பட்டினம் இருந்த காலம். அந்த ஊர் ராஜா பெயர் எனக்குத் தெரியாது. ராஜா இந்தக் கதையில் வரவும் மாட்டார். வருகிறவன் சேந்தன் என்று ஒரு வியாபாரி. சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தான். பொய் சொல்ல மாட்டான். அளவு குறைக்க மாட்டான். கொடுத்த வாக்கு மாற மாட்டான்.

ஒரே ஒரு பழக்கம். எதை வாங்கினாலும் கொசுறு கேட்பான்.

கீரை வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. எண்ணெய் வாங்கினால் ஒரு கரண்டி. உப்பு வாங்கினால் ஒரு பிடி. கேட்டு வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் தோளில் தட்டிச் சிரிப்பான். கொடுத்தவரும் சிரிப்பார். நம் பக்கத்தில் அது அப்படித்தானே. கொசுறு கேட்காதவன் இனிமேல் நம் கடைக்கு வரமாட்டான் என்று அர்த்தம். கொசுறு போடாதவன் மனசு இல்லாதவன் என்று அர்த்தம். அரிசி அளந்தால் படிக்கு மேலே கோபுரமாக நிற்க வேண்டும். தலை தட்டி அளந்தால், நீயெல்லாம் நன்றாக இருப்பாயா என்று கேட்டுவிட்டுத்தான் கடையை விட்டு இறங்குவார்கள்.

அவன் பெண் பார்க்கப் போனபோது, சீரெல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும் நேரத்தில், வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைக் காட்டி, "இதையும் சேர்த்து அனுப்பிடுங்க மாமா" என்றானாம். கன்றுக்குட்டியும் வந்தது, நங்கையும் வந்தாள். அவன் பெண்டாட்டி பெயர் நங்கை. அவள் கேலி செய்வாள். "நாளைக்கு எமன் வந்து நின்னாலும், வந்தது வந்தீங்க, கொசுறா ஒரு நாள் போட்டுக் கொடுங்கன்னுதான் கேப்பீங்க."

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. மருதி. அப்போதுதான் நடை பழகி ஓட ஆரம்பித்திருந்தாள்.

இப்படி இருக்கும்போது மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. மூன்றாம் வருஷம் ஏர் கட்டவே யாரும் போகவில்லை. அந்தப் பட்டினத்தில் நெசவாளர் தெரு பெரிசு. தறியில் துணி இருக்கிறது, வாங்க ஆளில்லை. துணியைத் தின்ன முடியுமா?

நங்கை தன் வீட்டு நெற்குதிரைத் திறந்தாள். வாசலில் பெரிய பானை வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். தெருவே வந்து நின்றது. நெசவாளர்கள் சும்மா வாங்கிக் குடிக்கக் கூச்சப்பட்டு, வீட்டில் இருந்த துணி மொத்தத்தையும் கொண்டுவந்து சேந்தன் முன்னால் போட்டார்கள். எங்கேயாவது கொண்டுபோய் இதை அரிசியாக்கிக்கொண்டு வா என்றார்கள்.

சேந்தன் கப்பலில் துணியை ஏற்றினான். புறப்படும்போது நங்கை அழவில்லை. இடுப்பில் மருதியோடு கரையில் நின்று சொன்னாள்.

"குதிர்ல இருக்கிறது பனி முடியற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் பானை ஏறாது. நம்ம பிள்ளைக்குன்னு தனியா ஒரு பிடி நான் எடுத்து வைக்க மாட்டேன். ஊருக்கு என்னவோ அதுதான் அவளுக்கும். தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."

அவ்வளவுதான் கதை, பாருங்கள். பனி முடிவதற்குள் அரிசி வர வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு இருந்தது. அங்கே மழை தவறாது, நெல் தவறாது. சேந்தனின் அப்பா காலம் முழுக்க அந்தத் தீவோடு வியாபாரம் செய்தவர். சேந்தன் போவது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குக் கப்பல் ஓட்டிய கடம்பன்தான் இவனுக்கும் ஓட்டினான். அவனுக்கு அந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் தெரியும். அரிசி, துணி, தண்ணீர், யாருக்கு, எப்போது, இப்படிக் கரையில் நின்று பொறுக்கிய பேச்சு.

தீவுக்காரர்கள் நல்லபடியாகத்தான் வரவேற்றார்கள். துணியைத் தொட்டுப் பார்த்தார்கள், முகத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் துணிக்குச் சொன்ன அரிசி, சேந்தன் மனசில் நினைத்ததைவிட அதிகம். கூடை கூடையாக அரிசி கரைக்கு வந்தது. அந்த ஊரில் அளப்பது பெண்கள். லூமே என்று ஒருத்தி மூங்கில் படியோடு உட்கார்ந்தாள். படியை நிரப்புவாள். ஒரு பட்டைக் குச்சியால் தலையைத் தட்டிச் சமன் செய்வாள். குனிந்து பார்ப்பாள். ஒரு மணி அரிசி மேலே நின்றாலும் அதையும் விரலால் எடுத்துக் கீழே போடுவாள்.

சேந்தனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க என்னவோ போல் இருந்தது. ஊரில் இவ்வளவு விளைகிறது, கை இப்படிச் சுருங்கி இருக்கிறதே என்று முணுமுணுத்தான்.

கடம்பன் அவன் காதோடு சொன்னான். "சின்னவரே, உங்கப்பா இந்தக் கரையில வாயே திறக்க மாட்டார். அளந்ததை வாங்கிக்கிட்டு நடையைக் கட்டிடுவார்."

"ஏன்?"

"யார் கண்டா. நான் கேட்டதில்லை."

"அப்பாவுக்குக் கூச்சம்" என்றான் சேந்தன்.

எல்லாம் அளந்து ஆயிற்று. கடைசிப் படி. லூமே குச்சியை எடுத்துத் தலையைத் தட்டினாள். சேந்தன் சிரித்துக்கொண்டே குனிந்து, படிக்கு மேலே உள்ளங்கையைக் குவித்துக் காட்டினான். இதற்கு மேல் ஒரு பிடி போடு என்று.

லூமேயின் கை நின்றது. அவள் ஏதோ கேட்டாள். யாருக்கு என்று கேட்கிறாள் என்றான் கடம்பன். சேந்தன், சும்மாதான், வழக்கம்தான் என்று சொல்லச் சொன்னான். வழக்கம் என்பதற்குக் கடம்பனிடம் வார்த்தை இல்லை.

இரண்டாம் தடவையும் அவள் கேட்டாள். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. சேந்தன் மறுபடியும் கையைக் குவித்துக் காட்டினான்.

மூன்றாம் தடவை அவள் எழுந்து அவன் பக்கத்தில் வந்து, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். பேர் சொன்னால்தான் போடுவாள் போலிருக்கிறது என்று சேந்தனுக்குத் தோன்றியது. அதுவும் நல்ல வேடிக்கைதான் என்று நினைத்தான்.

"என் பொண்ணுக்குன்னு சொல்லு கடம்பா. மருதிக்கு."

கடம்பன் சொன்னான்.

லூமே குச்சியைக் கீழே வைத்தாள். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பின்னால் திரும்பி ஏதோ சொன்னாள். கரையில் நின்ற பெண்கள் எல்லாரும் கொண்டையை அவிழ்த்தார்கள். ஆண்கள் தலைத்துணியை எடுத்தார்கள். பேசாமல் வீட்டுக்குப் போய், ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவந்தார்கள். மணலில் ஒரு துணியை விரித்து அதில் போட்டார்கள். லூமேயும் போனாள். அவள் வர நேரமாயிற்று. வாயைக் கட்டிய சின்னப் பானை ஒன்றைக் கொண்டுவந்து, கட்டை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்துப் போட்டாள். ஒருவர் வந்து சேந்தனின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சேந்தனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியா கடம்பா? நான் ஒருத்திகிட்ட ஒரு பிடி கேட்டேன், ஊரே போடுது. அப்பா வாயைத் திறக்காம எவ்வளவு விட்டிருக்கார்!"

அவன் சிரித்தான். நம் ஊரில் செய்கிற மாதிரி ஒவ்வொருவர் தோளிலும் தட்டினான். துக்கத்தில் மனுஷனுக்குப் புத்தி கலங்கும் என்று நினைத்து அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள். ஆமாம், துக்கம் என்றுதான் நினைத்தார்கள்.

அப்புறம் லூமே மெதுவாக ஒன்று கேட்டாள். எப்போது போனாள் என்று கேட்கிறாள் என்றான் கடம்பன்.

"யாரு, மருதியா? எங்க போவா? வீட்டுலதான் இருக்கா, அவ அம்மாவைப் படுத்திக்கிட்டு."

கடம்பனுக்கு வார்த்தை போதவில்லை. அதனால் சேந்தனே காட்டினான். குழந்தை உயரத்துக்குக் கையை வைத்தான். அவள் தத்தித் தத்தி ஓடுகிற மாதிரி மணலில் ஓடிக் காட்டினான். அதைப் புரிந்துகொள்ள எந்தப் பேச்சும் தெரிய வேண்டியதில்லை.

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். லூமே தன் தலைமுடியை அள்ளி முடிந்தாள். ஆண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டார்கள். அளந்த அரிசி மொத்தமும் மேட்டில் ஏறி ஊருக்குள் போய்விட்டது. நெசவாளர் துணி மட்டும் மணலில் கிடந்தது. பிடி பிடியாகப் போட்ட அரிசியும் விரித்த துணியில் அப்படியே இருந்தது, அதை யாரும் தொடவில்லை.

சேந்தனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓசியில் கேட்டது தப்பு என்று நினைத்தான். மறுநாள் காலையில், அவர்கள் போட்ட ஒவ்வொரு பிடிக்கும் ஒரு துணி என்று எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். எல்லா வாசலிலும் வைத்தான். எல்லாத் துணியும் சாயங்காலம் கடலோரத்துக்கு வந்துவிட்டது.

பிறகு லூமேயின் புருஷன் சேரோ வந்தான். சின்ன வயசில் சேந்தனுடைய அப்பாவின் கப்பலில் சாமான் ஏற்றியவன், நம் பேச்சு அவனுக்குக் கொஞ்சம் வரும். அவன் தூரத்தில் நின்றபடி விஷயத்தைச் சொன்னான். அந்தத் தீவில் உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தலை தட்டித்தான் அளப்பார்கள். மேலே ஒரு பிடி போட்டால் அது செத்தவர்களுக்கு. எந்த வீட்டில் சாவோ, அந்த வீட்டார் பேர் சொல்லிக் கேட்பார்கள், ஊரே ஆளுக்கு ஒரு பிடி போடும். அதைப் பானையில் போட்டு வாயைக் கட்டி வைத்திருந்து, வருஷம் திரும்பும்போது கடலில் விடுவார்கள். போன மழையில் சேரோவும் லூமேயும் ஒரு பையனைப் பறிகொடுத்தவர்கள். அந்தப் பானை அவனுடைய பானை. கடல் தாண்டி வந்தவன் பிள்ளைக்குத் துணையாக இருக்கட்டும் என்று அதிலிருந்துதான் லூமே எடுத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு சேரோ கேட்டான். "உயிரோட இருக்கிற பிள்ளையைச் செத்துப்போச்சுன்னு சொல்லி அரிசி வாங்குறே. நீ வேற எது சொன்னாலும் நாங்க எப்படி நம்புறது?"

சேந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் வாய்க்கரிசி நம் ஊரிலும் உண்டு. யாராவது தன் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே வாய்க்கரிசி கேட்டால் அவன் என்ன செய்திருப்பான்? செருப்பைக் கழற்றியிருப்பான்.

ஆனால் மனுஷன் உடனே பணிகிறானா? அவன் வாதாடினான். "எங்க ஊர்ல அப்படி இல்லைப்பா. எங்க ஊர்ல அது பாசம். பாசம் இருக்கிறவங்ககிட்டதான் கேப்போம்."

"இருக்கலாம். இது எங்க ஊரு" என்று சொல்லிவிட்டு சேரோ போய்விட்டான்.

அதற்குப் பிறகுதான் சேந்தன் தவித்தான். ஊர்க் கஞ்சிப் பானை கண்ணுக்கு முன்னால் வந்தது. காற்றில் பனி வாசனை குறைந்துகொண்டே வந்தது. லூமேயிடமே போய்விடுகிறேன் என்று எழுந்தான். கடம்பன் தடுத்தான். இந்த ஊரில் எப்படி மன்னிப்புக் கேட்பார்கள் என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டு போகலாம் என்றான்.

"மன்னிப்புக்குமா பாஷை வேணும்? என்னைப் பார்த்தாலே தெரியாதா?" என்றான் சேந்தன்.

போனான். லூமேயின் வீட்டு வாசலில், நெற்றி மண்ணில் பட, கை இரண்டும் நீட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். நம் ஊரில் அதற்கு மேல் ஒரு மன்னிப்பு இல்லை. கல்லும் கரையும்.

லூமே உள்ளேயிருந்து பார்த்தாள். ஒரு சத்தம் போட்டாள். கதவைச் சாத்தினாள்.

சேரோ ஓடிவந்து அவனைப் பிடித்துத் தூக்கினான். அவன் கோபப்படவில்லை, ரொம்பக் களைத்த மனுஷன் மாதிரி இருந்தான். பிணத்தை எடுப்பதற்கு முன்னால் அதன் பக்கத்தில்தான் நாங்கள் இப்படிப் படுப்போம் என்றான். "அவளுக்கு ஒரே ஒரு பையன் மிச்சம் இருக்கான். அவனும் உள்ளதான் இருக்கான். போயிடு. இனிமே எதுவும் செய்யாதே, போயிடு."

ஒரு வழக்கம் தெரிந்ததும் ஊரே தெரிந்துவிட்டது என்று நினைத்தான் பாருங்கள், அங்கேதான் அவன் முழுசாகத் தோற்றான்.

தீவுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. வழிக்குக் குடங்களில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து கரையில் வைத்தார்கள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். செத்தவர்களுக்குப் போட்ட அந்தப் பிடி அரிசியைச் சேந்தனும் தொடாமல் கப்பல் ஏறினான்.

பக்கத்தில் இன்னும் இரண்டு தீவுகள் இருந்தன. இரண்டிலும் நெல் உண்டு. ஆனால் பெரிய கப்பலைவிடச் சின்ன ஓடம் வேகமாகப் போகும், செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாவது தீவில் இவர்களைக் கண்டதும் ஓடங்களைக் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது தீவில் அதுகூடச் செய்யவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். கரையில் ஒரு நாய்தான் நின்று பார்த்தது.

கப்பலைத் திருப்பினான் கடம்பன். வழி நெடுக அவன் ஒரே தடவைதான் பேசினான். "நான் இத்தனை வருஷம் வந்து போனேன். ஒரு தடவை, ஏன் இப்படி அளக்குறீங்கன்னு கேட்டிருந்தா என்ன? எனக்கு அரிசி கப்பல்ல ஏறினாப் போதும்னு இருந்துட்டேன்."

பட்டினம் கண்ணுக்குத் தெரிந்தபோது வெயில் ஏறியிருந்தது. பனி போய் எத்தனையோ காலம் ஆனது மாதிரி மண் வெடித்துக் கிடந்தது. சேந்தன் தன் வீடு இருக்கும் பக்கம் பார்த்தான். புகை வரவில்லை.

நெசவாளர் தெருவில் நடக்க முடிந்தவர்கள் மேற்கே போய்விட்டார்கள். முடியாதவர்கள் மட்டும் கரைக்கு வந்தார்கள். கப்பலிலிருந்து மூட்டை இறங்கியது. ஒருவர் கட்டைப் பிரித்தார். உள்ளே அவர் கையால் நெய்த துணியே இருந்தது. யாரும் சேந்தனை வையவில்லை. வைதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த மனுஷர் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, போர்த்துறதுக்காவது ஆச்சு" என்றார்.

நங்கை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பானை கவிழ்ந்து கிடந்தது. சேந்தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

அவளே சொன்னாள். பனி முடிந்தும் கொஞ்ச நாள் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தள்ளினாளாம். சொன்னபடியே தன் பிள்ளைக்கென்று தனியாக எடுத்து வைக்கவில்லையாம். மருதி கடைசிவரை அழவே இல்லையாம், அழத் தெம்பில்லை. வாயில் போட வீட்டில் அரிசி இல்லை, தெருவில் யார் வீட்டிலும் இல்லை. மணலைத்தான் அள்ளிப் போட்டாளாம்.

சேந்தன் அவள் எதிரில் உட்கார்ந்தான். நடந்தது எல்லாவற்றையும் சொன்னான். கொசுறு கேட்டதைச் சொன்னான், மருதி பேரைச் சொன்னதைச் சொன்னான், மணலில் ஓடிக் காட்டியதைச் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. நான்தான் சொன்னேனே, அவன் பொய் சொல்ல மாட்டான்.

நங்கை கேட்டு முடித்தாள். சத்தம் போடவில்லை.

"அவ மூணு தரம் கேட்டாளே உங்களை, யாருக்குன்னு. நீங்க ஒரு தரம் திருப்பிக் கேக்கலையே, ஏம்மா கேக்குறேன்னு. எல்லாத்துக்கும் கேக்கத் தெரிஞ்ச வாயி, இதுக்கு மட்டும் இல்லாம போச்சே."

அதன் பிறகு அவள் அவனோடு பேசியதாகக் கதையில் இல்லை.

அடுத்த வருஷம் மழை பெய்தது. நன்றாகத்தான் பெய்தது. பெய்து என்ன? தறிகளில் கரையான் ஏறியிருந்தது. அந்தத் தீவுக்கு அந்தப் பட்டினத்திலிருந்து அப்புறம் ஒரு கப்பலும் போகவில்லை. போகலாம் என்று சொல்லவும் யாரும் இல்லை.

இதில் நீதி என்னவென்றால், அடுத்தவர் ஊரின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தன் வழக்கத்தையே உலக வழக்கம் என்று நினைத்துப் போகிறவன், எவ்வளவு நல்ல மனசோடு போனாலும் தன்னை நம்பியவர்களைப் பட்டினி போட்டுவிட்டுத்தான் திரும்புவான்.

என் பெண் கேட்கிறாள், அந்த லூமே கடைசியில் அவனை மன்னித்தாளா என்று. எனக்கு அவ்வளவு தெரியாதுடி கண்ணு. ஆனால் ஒன்று, மருதி நிஜமாகவே போய்விட்டாள் என்று யாராவது அந்தக் கரைக்குப் போய்ச் சொல்லியிருந்தால், அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, அவள் கண்டிப்பாக... இதோ வந்துட்டேன் அத்தை, குழந்தையை இறக்கி விட்டுடாதீங்க, கையை மட்டும் கழுவிக்கிட்டு